கட்டிலில் இருந்த கயிற்றுத் தடம்

தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பர்களே, இந்தக் கூட்டத்துக்காக மூன்று வாரமாக அலைந்து உழைத்த பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அம்மா அவர்களே, பாடல் குழுப் பிள்ளைகளே, ஊழியத்திலேயே தலை நரைத்து, முழங்கால் வலியோடும் இன்று வந்து அமர்ந்திருக்கும் மூத்த மிஷனரி ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். போதகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. முதன்முதலில் என்னைப் பணித்தளத்துக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான்.

மிஷன் பயணத்தில் நாம் காணும் வறுமை, நாம் கூடவே கொண்டுபோகும் வசதி, திரும்பி வந்தபின் நமக்குள் வரும் மாற்றம், இந்த மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் பதினான்கு பேர் போனோம். பகலெல்லாம் மலைமேல் இருக்கும் கிராமத்தில் பாட்டு, ஜெபம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. பொழுது சாய்ந்ததும் வேன் ஏறி அடிவாரத்து விடுதிக்கு வந்துவிடுவோம். அங்கே ஏசி, வெந்நீர், வெள்ளை விரிப்பு எல்லாம் உண்டு. தண்ணீர்கூடப் பெட்டி பெட்டியாக பாட்டிலில் கொண்டுபோனோம். நாங்கள் குடித்துப் போட்ட காலி பாட்டில்களை ஒரு அம்மா பொறுக்கி, கழுவி, வேலிக் குச்சிகளில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பிள்ளைகளுக்கு வேண்டுமாம்.

மூன்றாம் நாள் மழை. பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வேன் நகரவில்லை. அன்று இரவு எனக்குக் காய்ச்சல் வேறு. அந்த அம்மா வீட்டில் இருந்தது ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். அதை ஒழுகாத மூலைக்கு இழுத்துப்போட்டு என்னைப் படுக்க வைத்துவிட்டு, அவரும் பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். ஒழுகிய இடத்தில் ஒரு பாத்திரம் வைத்திருந்தார். அது நிறைய நிறைய எழுந்து போய்க் கொட்டிவிட்டு வருவார், என் நெற்றித் துணியை நனைத்துப் போடுவார், மறுபடியும் உட்காருவார். விடியும்வரை இப்படித்தான்.

விடிந்தபின் பார்த்தேன். கட்டிலின் நீளச் சட்டங்கள் இரண்டிலும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மரம் வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அங்கேயே தங்கி ஊழியம் செய்யும் தம்பியிடம் கேட்டேன். “அண்ணே, இந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் இதுதான். அந்த இடத்தில்தான் கயிறு கட்டி, கம்பு கொடுத்து நாலு பேர் தூக்குவோம். அடிவாரம் போய்ச் சேர அரை நாள் ஆகும்” என்றார். போன மழைக்காலத்தில் அந்த அம்மாவின் மகளையும் அதே கட்டிலில்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதி வழிதான் போக முடிந்தது.

மூன்று நாளாக அந்த வீட்டு வாசலில் நின்று பாடியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷர்களை அனுப்பும்போது பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம் என்கிறார். அதை நாம் பிரசங்கிக்கிறோம். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கியிருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதீர்கள். இதை ஏனோ வேகமாக வாசித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஊழியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயராக ஆனது அதற்குப் பிறகு, 1912இல். உலகெங்கும் மிஷனரிகளை அனுப்பியவர்கள் உட்கார்ந்திருந்த சபை அது. உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார். அன்று கேட்கும் இடத்தில் நாம் இருந்தோம். இன்று வேன் ஏறிப் போகிறவர்கள் நாம்.

அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் சொல்லி வருகிறேன்: ஒரே ஊர், பத்து வருஷம். வருஷத்துக்கு ஒரு புது ஊர் வேண்டாம். விடுதி வேண்டாம், ஊருக்குள்ளேயே தங்குவோம். ஒரே டீ-ஷர்ட், பேனர், வீடியோ எல்லாவற்றையும் நிறுத்தி, அந்தப் பணத்தை அந்த ஊர்ப் பாதைக்கும் மருந்துக்கும் கொடுப்போம். எதற்குக் கொடுப்பது என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்லட்டும். புது இடம் பார்த்தால்தானே வாலிபர்கள் வருவார்கள் என்று மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் போன வருஷம் பெயர் சொல்லிப் பழகிய பிள்ளை இந்த வருஷம் வாசலில் நின்று நம்மைத் தேடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரி, பத்து வருஷம் பழகிய வீட்டில் காய்ச்சல் என்றால் அது நமக்கு வந்த காய்ச்சல்தானே!

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். மூன்றாவது பொருளுக்கு நேரமில்லை, மன்னிக்க வேண்டும். மழைக்கு முன்னால் அதே ஊருக்குத்தான் மறுபடியும் போகிறோம். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயரை எழுதுகிறவர்கள், எத்தனை வருஷம் வர முடியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போங்கள்.