பிராட்வேயில் பாடிய நிழல்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

புகழ் என்பது என்ன, அது மனிதரை என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பழந்தமிழில் 'இசை' என்ற ஒரே சொல் பாட்டையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். பாடுகிறவர் தொண்டையில் பிறந்தாலும் பாட்டு போய்த் தங்குமிடம் கேட்பவர் செவி. புகழும் அப்படித்தான், அதற்கு உரியவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவரிடத்தில் அது இருப்பதில்லை. இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்திய ஒருவரை முன்வைத்தே இன்று பேச விரும்புகிறேன். அவர் எம். கே. தியாகராஜ பாகவதர்.

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையேறி, 1934-ல் 'பவளக்கொடி' மூலம் திரைக்கு வந்தவர் அவர். அடுத்த பத்தாண்டுகளில் அவர் அடைந்த உயரத்தை இளைஞர்களுக்கு விளக்குவது கடினம். பிடரி வரை முடி வளர்த்து அதற்குப் 'பாகவதர் கிராப்' என்று பெயரும் சூட்டிக்கொண்டு ஒரு தலைமுறையே ஊர்களில் உலவியது என்றால் ஓரளவு புரியும். அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்ற பேச்சை இன்றும் கேட்கலாம். அதன் உண்மையை ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. தங்கத் தட்டை அவர் வாங்கினாரோ இல்லையோ, அவருக்கு அதை வாங்கித் தர மக்கள் ஆசைப்பட்டார்கள் என்பதே நான் கவனிக்கும் செய்தி.

1944 தீபாவளிக்கு அவர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த மூன்றில் பின்னிரண்டு தீபாவளிகளிலும் பாகவதர் சிறையில் இருந்தார்.

திரையுலகினரின் அந்தரங்கங்களை எழுதி விற்ற பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் வேப்பேரிப் பகுதியில் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கில் டிசம்பர் மாதம் பாகவதரும், கலைவாணர் என்று மக்கள் அழைத்த நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரிகளை வைத்து நடந்த விசாரணைக்குப் பின் 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடியானது. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி, 1947 ஏப்ரலில்தான் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள்.

லட்சுமிகாந்தனின் ஏட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? வேற்றூரிலிருந்தா வந்தார்கள்? பாகவதர் படத்துக்கு வரிசையில் நின்றவர்களில் பலர் அந்த ஏட்டையும் ஒளித்து வைத்துப் படித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் பார்க்கும் ஆசையும், அவர் வீட்டுச் சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்க்கும் ஆசையும் ஒரே நெஞ்சில் குடியிருப்பவை. இன்றைக்குக் கைப்பேசியில் நாம் செய்வதும் அதைத்தான். அதைப் பேசத் தொடங்கினால் பொழுது போதாது.

பாகவதர் சிறையில் கைதியாகக் காலம் கழித்துக்கொண்டிருந்தபோது, பிராட்வேயில் அவருடைய நிழல் நாள்தோறும் பட்டுடுத்திப் பாடிக்கொண்டிருந்தது. அரங்கு நிறைந்தது, கைதட்டல் குறையவில்லை. அந்தப் புகழுக்கு அவர் தேவைப்படவே இல்லை! புகழைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். அது நம்மோடு இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், நம்மை விட்டுத் தனியே வாழக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

விடுதலைக்குப் பின் மக்கள் அவரைக் கைவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. புனாவில் படமாக்கப்பட்ட 'ராஜமுக்தி' 1948-ல் வெளிவந்து தோற்றதற்கு ரசிகரின் நன்றிகெட்டதனம் மட்டும் காரணமன்று. பாட்டின் மேல் நின்ற தமிழ்ப்படம் வசனத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது; பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதால், நடிக்கிறவருக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கிக்கொண்டிருந்தது. அதே படத்தில் எம். ஜி. ஆரும் நடித்திருந்தார், அவருடைய காலம் அப்போது இன்னும் தொடங்கவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே, மக்கள் தாங்கள் நேசித்த பாகவதரை நினைவில் பத்திரமாக வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் துன்பம் கண்டு திரும்பி வந்தவர் அந்த நினைவோடு போட்டியிட வேண்டியிருந்தது. ஒருவரைக் குற்றவாளியல்லர் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம். மறுபடியும் அவரைக் கந்தர்வனாக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

அதே வழக்கில், அதே சிறையிருந்து, அதே காலத்தில் வெளிவந்த என். எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டும் முன்னணிக்கு வந்தார். ஏன் இந்த வேறுபாடு? கலைவாணரை மக்கள் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒருவராகவே எண்ணியிருந்தார்கள் என்பது என் கருத்து. திண்ணையிலிருந்து எழுந்து போனவர் திரும்பி வந்து அங்கேயே உட்காரலாம். பீடத்தில் இருப்பவருக்கு அது முடியாது; ஒருமுறை இறங்கியவரை மறுபடி ஏற்றும்போது, ஏற்றுகிற கைகளுக்கே கூச்சம் வந்துவிடுகிறது. கலைவாணரின் வேலையே அன்றன்றைய வாழ்க்கையிலிருந்து நகைச்சுவையை எடுப்பது; சிறையும் அவருக்கு ஓர் அனுபவமாகிவிட்டது. பாகவதருக்கு வாய்த்த வார்ப்போ ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. பின்னாளில் 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு' ஆகிய படங்களில் அவர் பழைய வார்ப்பையே தேடினார். நேற்றுவரை கைதட்டல் பெற்ற ஒன்றை இன்று விட்டுவிடும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய குரல் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பிற்காலப் பாடல்களைக் கேட்டுப் பார்த்தால் அப்படி எனக்குத் தோன்றவில்லை; செவிகள்தாம் வேறு பக்கம் திரும்பியிருந்தன.

1959 நவம்பர் முதல் நாள், ஐம்பது வயது நிறையுமுன்னே, பாகவதர் சென்னையில் காலமானார். அவர் நடித்த கடைசிப் படமான 'சிவகாமி' மறு ஆண்டு திரைக்கு வந்தது. அதிலும் நிழல் பாடியது.