ஐயா கையில இருந்த லீவர் ரைஃபிள்

வணக்கம் எல்லாருக்கும். கானாடுகாத்தான்ல எங்க வீட்டு முகப்புல உட்கார்ந்து பேசுறேன். படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறதுக்காக, டெக்சாஸ்ல இருந்து பத்து நாள் லீவுல வந்தேன். எனக்குப் பின்னாடி சுவத்துல ஒரு படம் தெரியுது பாருங்க, அது எங்க ஐயா, அப்பாவோட அப்பா. பர்மாவுல கடை வச்சிருந்தப்ப எடுத்தது. 1942-ல எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே ஊர் வந்தாங்க. துப்பாக்கி அங்கேயே போச்சு, படம் மட்டும் வந்துச்சு.

அவங்க கையில இருக்கிற ரைஃபிளைப் பாருங்க. கீழ ஒரு வளையம் தொங்குது. சின்ன வயசுல நான் அப்பத்தாகிட்ட, "ஐயா ஏன் உடைஞ்ச துப்பாக்கியப் புடிச்சிருக்காங்க?"னு கேட்டிருக்கேன். அது உடைஞ்சது இல்ல, லீவர்.

அந்த லீவரை முன்னால தள்ளினா சுட்ட தோட்டாவோட காலிக் கூடு வெளிய விழும், தோட்டாவைச் சுட வைக்கிற சுத்தியலும் பின்னால சாய்ஞ்சு நிக்கும். திரும்ப இழுத்தா அடுத்த தோட்டா உள்ள போயிடும். இவ்வளவுதான் வேலை. கட்டை தோள்ல ஊன்றின இடத்திலேயே இருக்கும், கண்ணும் குறியை விட்டு நகராது. நான் இடதுகைக்காரன். போல்ட் ரைஃபிள், அதாவது பக்கத்துல இருக்கிற கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏத்துற ரகம், பெரும்பாலும் வலதுகைக்காரங்களுக்குத்தான், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை குறுக்க போகும். லீவர்ல அந்தத் தொல்லையே கிடையாது.

டெக்சாஸ்ல என்கிட்ட இருக்கிறது மார்லின் 336-ங்கிற லீவர் ரைஃபிள். 1948-ல வந்த மாடல், தோட்டா தேர்ட்டி-தேர்ட்டி. மூணேகால் கிலோ எடை, நீளம் மூணு அடிக்குக் கொஞ்சம் கூட. நம்ம ஊர்ல கண்மாய்க்கரை பூரா சீமைக்கருவை மண்டிக் கிடக்குல்ல? டெக்சாஸ்ல மெஸ்கீட்னு சொல்றாங்களே, அது அதோட பங்காளி மரம்தான். அதே முள்ளு, அதே அடர்த்தி. அந்தப் புதருக்குள்ள அறுபது எட்டுக்கு மேல எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காட்டுப்பன்னி கண்ணுல பட்டா ரெண்டு மூணு நொடிதான் நிக்கும். அங்க நீளக் குழலும் பெரிய ஸ்கோப்பும் (குறி பார்க்கிற தொலைநோக்கி) கிளையில மாட்டிக்கிட்டுத்தான் நிக்கும். இந்த ரைஃபிள் கையோட கையா வரும்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும். லீவர் ரைஃபிளோட கனமான மொட்டைக் குண்டு சுள்ளியெல்லாம் ஒடிச்சுக்கிட்டு நேரா போகும்னு நிறைய பேர் சொல்றாங்க. நம்பாதீங்க. எந்தக் குண்டும் சுள்ளியில பட்டா திசை மாறும். இடைவெளி கிடைக்கலையா, சுடக் கூடாது.

இப்ப குறைக்கு வாரேன். பெரும்பாலான லீவர் ரைஃபிள்ல குழலுக்கு அடியில ஒரு ட்யூப் இருக்கும். தோட்டா எல்லாம் அதுக்குள்ள ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையா படுத்திருக்கும். ஒரு தோட்டாவோட மூக்கு, முன்னால உள்ள தோட்டாவோட அடியில முட்டிக்கிட்டு இருக்கும். அந்த அடியோட நடுவுலதான் ப்ரைமர், அதாவது தட்டினா தீப்பிடிக்கிற பொட்டு. கூர்மையான குண்டு போட்டா, சுடும்போது வர்ற அதிர்ச்சியில ட்யூப்புக்குள்ளயே வெடிக்கிற ஆபத்து உண்டு. அதனாலதான் மூக்கை மொட்டையா வைக்கிறாங்க. மொட்டை மூக்கு காத்தைக் கிழிக்காது, சீக்கிரம் வேகம் குறைஞ்சிடும். ஹார்னடி கம்பெனி ரப்பர் மாதிரி மெதுவான முனை வச்ச குண்டு கொண்டு வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கு. கொஞ்சம்தான்.

வேகம் குறைவா இருக்கிறதுக்கு இன்னொரு காரணம், சுடும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைச்சுப் பிடிக்கிற பூட்டு. இந்த வாசல் கதவைப் பாருங்க, பர்மாத் தேக்கு. யாராவது வெளியில இருந்து இடிச்சா, கதவை ஒட்டியே குறுக்குக் கட்டை போட்டிருந்தா அசையாது. கதவுக்கும் பின்சுவத்துக்கும் நடுவுல நீளமா ஒரு முட்டு குடுத்திருந்தா, அந்த முட்டு இடியில கொஞ்சம் அமுங்கிக் குடுக்கும். போல்ட் ரைஃபிள் தோட்டாவை ஒட்டியே பூட்டும். வின்செஸ்டர் 94, மார்லின் மாதிரி லீவர் ரைஃபிள் எல்லாம் பின்னால தள்ளிப் பூட்டுது. அதனால அழுத்தம் கூடின தோட்டா இதுக்கு ஆகாது. பிரௌனிங் பிஎல்ஆர் மாதிரி முன்னால பூட்டுற லீவரும் இருக்கு. அது நல்ல ரைஃபிள், மறுக்கல. ஆனா எடுத்தோம் சுட்டோம்ங்கிற அந்த எளிமை அதுல இல்ல.

தேர்ட்டி-தேர்ட்டியை 100 கஜத்துக்குக் குறி சரி பண்ணினா, 200 கஜத்துல குண்டு அரை அடிக்கு மேல இறங்கிடும். 250-ல ஒண்ணேகால் அடிக்கு மேல. மூணாவது வருஷம் நான் ஒரு மானை ஏறக்குறைய 230 கஜத்துல சுட்டேன். ரத்தத் தடத்தைப் பிடிச்சு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தேடினேன். விடிஞ்சப்புறம்தான் கிடைச்சுச்சு. ராத்திரி பூரா அந்த உசுரு என்னால துடிச்சிருக்கு. தப்பு ரைஃபிள் மேல இல்ல, அதோட எல்லை தெரிஞ்சும் சுட்ட என் மேல. அன்னையில இருந்து 150 கஜத்துக்கு அப்பால நான் இதைத் தூக்குறதில்ல.

சின்னக் குறைகளும் இருக்கு. குப்புறப் படுத்துச் சுட்டா லீவர் தரையில இடிக்கும். ட்யூப் மேகசினைக் காலி பண்ணணும்னா பெரும்பாலும் ஒவ்வொரு தோட்டாவையும் உள்ள ஏத்தி ஏத்தித்தான் வெளிய தள்ளணும், அந்த நேரத்துல குழலோட வாய் எங்க பார்க்குதுங்கிறதுல கண்ணு இருக்கணும். பழைய வின்செஸ்டர் 94 கூட்டை மேல துப்பும், நடுவுல ஸ்கோப் வைக்க முடியாது. மார்லின் பக்கவாட்டுல துப்பும், ஸ்கோப் சுலபமா உட்காரும்.

இங்க இருக்கிற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கிறதும் குத்தம். பரண்ல பழசு ஏதாவது கிடைச்சா தொட்டுப் பார்க்காம போலீஸ்ல சொல்லுங்க.

சரி, ஐயா படத்துக்கு வாரேன். நேத்து அதை ஸ்கேன் பண்ணி பெரிசாக்கினேன். குழலுக்கு அடியில ட்யூப் இல்ல. லீவருக்கு முன்னால, வயித்துல பெட்டி மாதிரி ஒரு மேகசின். அப்ப இது வின்செஸ்டர் 1895, ஜான் பிரௌனிங் வடிவமைச்சது. தோட்டா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், அதனால கூர்க்குண்டும் போடலாம். முதல் உலகப்போர்ல ரஷ்யா மூணு லட்சம் கிட்ட வாங்கின ரைஃபிள். வேட்டைக் கதை எழுதின பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரிக் காட்டுப் பக்கமெல்லாம் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனப்ப கையில வச்சிருந்ததும் இந்த மாடல்தான், 405 தோட்டா.

படத்துல இன்னொண்ணும் இப்பத்தான் பார்த்தேன். லீவர் முழுசா கீழ இறங்கியிருக்கு. அப்படித் தொங்கினா உள்ள திறந்திருக்குன்னு அர்த்தம், தூரத்துல நிக்கிறவருக்குக்கூடத் தெரியும். ஐயா காலுக்குப் பக்கத்துல பாருங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க நிக்குது.