பழியை ரயில்மேல் போடாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் உருக்கமாகப் பேசினார். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளி நடுவே நிக்கோடிமஸ் என்றொரு சிற்றூர். ரயிலை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று 1887-இல் அந்த மக்கள் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். 1888-இல் மிசௌரி பசிபிக் ரயில் கம்பெனி கைவிரித்துவிட்டது. யூனியன் பசிபிக் கம்பெனியோ ஆற்றுக்குத் தெற்கே பாதை போட்டுவிட்டுப் போனது. கடைக்காரர்கள் மூட்டை கட்டி அக்கரைக்குப் போனார்கள், ஊர் பாழாயிற்று என்றார். கேட்கக் கேட்க எனக்கே அந்த ரயில்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு ஊரை ஏமாற்றியது யார் என்பதல்ல. "நிக்கோடிமஸைத் தேய வைத்தது விலகிப் போன ரயிலா, மாறிப் போன விவசாயமா?" என்பதுதான் தலைப்பு. ஏமாற்றியது ரயில்தான், ஒத்துக்கொள்கிறேன். தேய வைத்தது விவசாயம்.

நண்பர் கதையை 1887-இல் தொடங்கினார். நான் பத்து வருஷம் பின்னால் போகிறேன். 1877. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது. கென்டக்கி மாநிலத்தில் இருந்த கறுப்பின மக்களின் கையில் துண்டறிக்கைகள் வந்து சேர்கின்றன. கன்சாஸுக்கு வாருங்கள், சொந்த நிலம், சொந்த ஊர் என்று அழைப்பு. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும், கறுப்பினத்தவரான டபிள்யூ. எச். ஸ்மித்தும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய ஊர்க் கம்பெனியின் வேலை அது. அந்த வருஷம் செப்டம்பரில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள்.

எங்கே இறங்கினார்கள்? அதைத்தான் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். எல்லிஸ் என்ற ஊரில். இருந்ததிலேயே பக்கத்து ரயில் நிலையம் அதுதான். அங்கிருந்து நிக்கோடிமஸுக்கு முப்பது மைலுக்கு மேல், வண்டியிலும் நடையிலுமாக இரண்டு நாள் பயணம்.

1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற அம்மையாரின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. கணவர் போதகர். எல்லிஸில் இருந்தபோதே குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டு, சில குழந்தைகள் இறந்தும் போனார்கள். அங்கேயிருந்து இரண்டு நாள் வண்டிப் பயணம். அப்புறம் ஆண்கள் சந்தோஷமாகக் கத்துகிறார்கள், அதோ நிக்கோடிமஸ் என்று. இந்த அம்மா எட்டி எட்டிப் பார்க்கிறார். வீடு இல்லை, தெரு இல்லை. எங்கே என்று கேட்கிறார். கணவர் கை காட்டிய இடத்தில், தரையிலிருந்து புகை வந்துகொண்டிருக்கிறது. மரமே இல்லாத பூமி அது. ஆகவே ஜனங்கள் மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள்; புகை அந்தக் குழி வீடுகளின் அடுப்புப் புகை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டதாகச் சொல்கிறார் அந்த அம்மா.

பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பின. மிச்சம் இருந்தவர்களுக்கு உழவு மாடும் குதிரையும் போதவில்லை. மண்வெட்டியும் களைக்கொட்டும் வைத்துக்கொண்டு புல்வெளியைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று அந்த ஊர்க் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன.

நடுவர் அவர்களே, ரயில் முப்பது மைல் தள்ளி இருந்தபோது, தரைக்கடியில் குடியிருந்தபடி உருவான ஊர் இது. பத்தே வருஷத்தில் இரண்டு பத்திரிகை, ஹோட்டல், வங்கி, தேவாலயங்கள், பேஸ்பால் அணி எல்லாம் வந்துவிட்டன. இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில் இல்லாமல் பிறந்து, ரயில் இல்லாமல் வளர்ந்த ஊர், ரயில் வராததால் செத்தது என்றால் எப்படி?

கடைக்காரர்கள் போனார்களே என்பார் நண்பர். போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அதிகம் பேர் கடைக்காரர்களா? சுற்றிலும் நூற்றறுபது ஏக்கர் அரசு நிலம் எழுதி வாங்கி உழுதுகொண்டிருந்த சம்சாரிகள். அவர்கள் நிலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போக முடியுமா? நண்பர் தேதிகளைக் கொஞ்சம் பார்க்கட்டும். அந்த ஊரில் இன்றும் நிற்கிற பள்ளிக்கூடக் கட்டடம் 1918-இல் கட்டியது. ரயில் போய் முப்பது வருஷம் கழித்து! செத்துப் போன ஊருக்கு எவனாவது பள்ளிக்கூடம் கட்டுவானா? பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் கட்டினார்கள்.

சரி, பிள்ளைகள் எப்போது போனார்கள்? 1930-களில் மழை பொய்த்தது, கோதுமை விலை விழுந்தது, உழுது போட்ட மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. 1935-இல் ஊரில் 76 பேர். 1950-இல் 16 பேர். 1953-இல் தபால் நிலையத்தை மூடினார்கள், 1960-இல் பள்ளிக்கூடத்தை. ரயில் விலகியது 1888. ஊர் காலியானது 1930-க்கு அப்புறம். நடுவில் நாற்பது வருஷம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே காக்கை பறந்து போய் நாற்பது வருஷம் கழித்துப் பழம் விழுகிறது. நண்பர் இன்னமும் காக்கையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்து, ரயில் போன ஊர்கள் என்ன வாழ்ந்தன என்று பார்ப்போம். நிக்கோடிமஸின் கடைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன அக்கரை ஊர் பெயர் போக். அங்கே ரயில் வந்தது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருநூறு பேர்கூட இல்லை. ஹில் சிட்டி என்று ஓர் ஊர், அதே டபிள்யூ. ஆர். ஹில் பெயரில் அமைந்தது. ரயிலும் வந்தது, மாவட்டத் தலைமையிடமும் கிடைத்தது. இன்று ஆயிரத்து நானூறு பேர். இந்த மூன்று ஊரும் இருக்கிற கிரஹாம் மாவட்டம் முழுவதிலும் 1910-இல் எட்டாயிரத்துக்கு மேல் ஜனம் இருந்தது. 2020-இல் இரண்டாயிரத்து நானூறு சொச்சம். ரயில் கிடைத்த ஊர், கிடைக்காத ஊர் என்று பார்க்காமல் மாவட்டமே வற்றியிருக்கிறது. இதற்கு எந்தக் கம்பெனிமேல் வழக்குப் போடுவார் நண்பர்?

கன்சாஸ் போதாது என்றால் வடக்கே நெப்ராஸ்காவில் மோனோவி என்ற ஊருக்கு வாருங்கள். ரயில் பாதையை ஒட்டியே பிறந்த ஊர். 1930-களில் நூற்றைம்பது பேர் வரை இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் ஒரே ஒருவர். ஒரு மூதாட்டி. மேயரும் அவரே, குமாஸ்தாவும் அவரே. தன் மதுக்கடைக்கு உரிமம் கேட்டு மனுப் போடுவதும் அவர், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அவர். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரில் இரண்டு பேர் என்று வந்துவிட்டது. தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்று கணக்கெடுப்புத் துறை எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வெளியிடுகிறது. அதில் வந்த வினை. ரயில் வந்தும் ஊருக்கு மிஞ்சியது ஒருவர், காகிதத்தில் மட்டும் இருவர்.

அப்படியானால் ஜனத்தை எது விரட்டியது? நூற்றறுபது ஏக்கரில் ஒரு குடும்பம் என்றுதான் அன்றைக்குச் சட்டம் நிலம் கொடுத்தது. மழை நிறையப் பெய்கிற கிழக்கு மாநிலங்களுக்கு அந்தக் கணக்கு சரி. மேற்குக் கன்சாஸில் மழை குறைவு, அங்கே இடிக்கும். அப்புறம் டிராக்டர் வந்தது, அறுத்துக் கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. பத்துப் பேர் செய்த அறுப்பை இரண்டு பேர் முடித்தார்கள். இயந்திரம் வாங்கியவருக்குக் கடனை அடைக்க இன்னும் நிலம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டு டென்வருக்கோ கன்சாஸ் சிட்டிக்கோ போகிறார். இன்று கன்சாஸில் சராசரிப் பண்ணை எழுநூறு ஏக்கருக்கு மேல். அன்றைக்கு நாலு அடுப்பு எரிந்த நிலத்தில் இன்றைக்கு ஓர் அடுப்பு. நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடம், நாலு வீட்டுக் கடிதங்களுக்குத்தான் தபால் நிலையம். ஊர் வாசலுக்கே ரயில் வந்து நின்றிருந்தாலும் அதில் ஏறிப் போயிருப்பார்களே தவிர இறங்கியிருக்க மாட்டார்கள்.

எதிரணியில் அடுத்து வரும் அம்மையார் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "கறுப்பின மக்களின் ஊர் என்பதால் நடந்த அநியாயத்தை மறைக்கிறீர்களா?" என்பார். மறைக்கவில்லை அம்மா. அந்த அநியாயம் விவசாயத்தில்தான் ஆழமாக இறங்கியது. இயந்திரம் வாங்க, வறட்சி வருஷத்தைத் தாண்ட, விவசாயிக்குக் கடன் வேண்டும். கடன் தருவதில் தங்களை இன பேதத்தோடு நடத்துகிறது என்று அமெரிக்க விவசாயத் துறைமீது கறுப்பின விவசாயிகள் 1997-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1999-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி நூறு கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு போனது. விவசாயம் மாறியபோது வெள்ளைக்கார சம்சாரிக்கே மூச்சு முட்டியது என்றால், கடன் மறுக்கப்பட்டவர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? ஆக, அம்மையார் கொண்டுவரப் போகிற சாட்சி எங்கள் பக்கத்துச் சாட்சி.

ஊர்த் திருவிழாவையும் அவர் இழுப்பார். அடிமை விடுதலை கொண்டாட்டம், ஜூலைக் கடைசியில் வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். 1996-இல் அமெரிக்க அரசு ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. தேவாலயங்கள், ஹோட்டல், பள்ளிக்கூடம், ஊர் மண்டபம் என்று ஐந்து கட்டடங்கள். எல்லாம் உண்மை. ஆனால் திருவிழாவுக்கு வருபவர்கள் 24-ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் வருகிறார்கள். சாலை ஊரை ஒட்டியே போகிறது, போக்குவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கிளம்பிவிடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நிக்கோடிமஸில் நிலையாகக் குடியிருந்தவர்கள் 14 பேர். வழி இருக்கிறது, பாசம் இருக்கிறது, அரசு மரியாதையும் இருக்கிறது. பிழைப்பு எங்கே இருக்கிறது?

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அம்மையாரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நிக்கோடிமஸை ரயில் கெடுத்தது என்றால், அந்த ரயிலைத் தட்டிப் பறித்துக்கொண்ட போக் ஊரில் ஏன் இருநூறு பேரைக்கூடக் காணோம்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் மற்றதைப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.