கங்கைக் குழுவில் கரைவாழ் மக்களுக்கு எத்தனை நாற்காலி?

அவைத் தலைவர் அவர்களே, ஆற்றின்மேல் அக்கறை கொண்டு இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே,

பீகார் மாநிலம் பாகல்பூர் மாவட்டத்தில், சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கங்கை ஆறு நம் வாழ்நாளிலேயே ஜமீன்தார்களின் கையில் இருந்தது என்று சொன்னால், உங்களில் சிலர் நம்பத் தயங்கலாம். நிலத்தில் ஜமீன் முறை ஒழிந்த பிறகும் அங்கே தண்ணீரில் அது ஒழியவில்லை. வலை வீசியவர்கள் வரி கட்டினார்கள். 1982இல் ககல்காவ் மீனவர்கள் தொடங்கிய கங்கை விடுதலை இயக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் போராடி அந்த உரிமைக்கு முடிவு கட்டியது. அதே காலத்தில்தான் சுல்தான்கஞ்சுக்கும் ககல்காவுக்கும் இடைப்பட்ட ஆறு விக்ரமசிலா டால்பின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஜமீன்தாரிடமிருந்து மீண்ட மீனவர் வனத்துறையின் விதிகளுக்குள் வந்து சேர்ந்தார். டால்பினைக் காப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த விதிகளை வகுத்த இடத்தில் அவருக்கு இருக்கை இருந்ததா என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியோடு, 2016 அக்டோபர் 7ஆம் நாள் மத்திய அரசு பிறப்பித்த கங்கை ஆணையைப் படித்துப் பார்த்தேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த அந்த ஆணை கங்கையை நிர்வகிக்க ஐந்து அடுக்கு அமைப்புகளை உருவாக்கியது. உச்சியில் பிரதமர் தலைமையிலான தேசிய கங்கைக் குழுமம். அதில் உத்தரகண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்க முதல்வர்களுக்கு இடம் உண்டு. அடியில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட கங்கைக் குழு. உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள் என்று சொல்லத்தக்கவர்கள் இந்த அடித்தளத்தில்தான் தென்படுகிறார்கள். நகராட்சிகளிலிருந்தும் கிராமப் பஞ்சாயத்துகளிலிருந்தும் இரண்டு பேருக்கு மேற்படாமல், அதுவும் மாநில அரசின் நியமனமாக. இவர்களைத் தவிர, பொதுப்பணி, பாசனம், குடிநீர் முதலிய துறைகளின் அலுவலர்கள், ஒரு வன அலுவலர், ஆட்சியர் தேர்ந்தெடுக்கும் இரண்டு சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், உள்ளூர்த் தொழில் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் ஆகியோர் இருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னவரைக் கவனியுங்கள். கான்பூரின் ஜாஜ்மௌ தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கங்கைக்கு என்ன செய்தது என்பது நீதிமன்றப் பதிவுகளிலேயே உள்ள செய்தி. தொழில் நடத்துவோரையும் அழைத்துப் பேசுவது நியாயம்தான். ஆனால் அவர்களுக்கென்று ஓர் இடத்தை எழுதி வைத்த கை, படகோட்டிகளுக்கும் மீனவர்களுக்கும் ஆற்றுப்படுகையில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் பயிரிடும் குடும்பங்களுக்கும் ஓர் இடம் எழுதாமல் விட்டிருக்கிறது.

நியமனம் என்ற சொல்லுக்கும் பொருள் இருக்கிறது. நியமித்தவர் நீக்கவும் கூடும் என்ற நினைவோடு அமர்ந்திருப்பவர், ஆட்சியர் முன்னிலையில் எவ்வளவு உரக்கப் பேசுவார்? பெயர் பெற்றவர்களுக்கே அது எளிதாக இருந்ததில்லை. 2009இல் அமைக்கப்பட்ட தேசிய கங்கை ஆற்றுப்படுகை ஆணையத்தில் அரசு சாரா உறுப்பினராக இருந்த நீர்ப் பாதுகாப்பு ஆர்வலர் ராஜேந்திர சிங், 2012இல் வேறு இருவருடன் சேர்ந்து பதவி விலகினார். நாடறிந்த அவர் விலகினால் அது செய்தி. ஒரு கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர் விலகினால் அவருடைய ஊரில்கூட அது பேசப்படாது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்குப் பொறியாளர் போதாதா, மீனவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிலையம் கட்டப் பொறியாளர்தான் வேண்டும். இதை மறுப்பது வீண்வாதம். ஆனால் எந்த ஓடையில் எந்த நேரத்தில் கழிவு திறந்துவிடப்படுகிறது, எந்த மடுவில் மீன் முட்டையிடுவது நின்றுபோனது என்பதெல்லாம் நாள்தோறும் ஆற்றில் இறங்குபவர் கண்ணில்தான் முதலில் படும். 1975இல் மேற்கு வங்கத்தில் பராக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு, கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் ஹில்சா மீன் மேற்புறக் கங்கையில் அருகிப்போனதை வெறும் வலையாக முதலில் அறிந்தவர்கள் அவர்களே. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை மீன்வளத்தையும் நீர் மேலாண்மையையும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களாகவே வைத்திருப்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

உள்ளூர்க்காரர் என்றாலே ஆற்றின் நண்பர் என்று நான் வாதிடவில்லை. மணல் அள்ளுபவரும் உள்ளூர்க்காரர்தான். எனவேதான் எந்த உள்ளூர்க்காரர், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை விதியிலேயே எழுத வேண்டும் என்கிறேன். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆணையால் வந்த குழுவை ஆணையாலேயே திருத்தலாம். உள்ளாட்சி இடங்களுக்கு உரியவர்களை மாவட்டப் பரிஷத்தும் நகராட்சி மன்றமும் தாமே தேர்ந்து அனுப்பட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கும் மாவட்டங்களில் அவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படட்டும். ஒரு நாள் வேலையை விட்டு ஆட்சியர் அலுவலகம் வருபவருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். குழுவின் நடவடிக்கைக் குறிப்பு இந்தியிலோ வங்காளத்திலோ எழுதப்பட்டு, அடுத்த கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அங்கே எழும் ஆட்சேபங்கள் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கப்பட வேண்டும்.