ரெட் பட்டன் உங்க போன்ல இருக்கு, சத்தம் கேட்ல வருதா?

வணக்கம் மக்களே. இன்னிக்கு காபி போட்டுக்கிட்டே பேசுற சீன்லாம் கிடையாது, நேரா விஷயம். செம கடுப்புல இருக்கேன். நம்ம அபார்ட்மென்ட் ஆப்ல போன வாரம் அப்டேட் வந்துச்சுல்ல, முதல் ஸ்கிரீன்லயே சிவப்பா இருந்த எமர்ஜென்சி பட்டனைக் காணோம். தேடினா, மெயின்டெனன்ஸ் கட்டுங்க, பிளம்பர் புக் பண்ணுங்க, கிரெடிட் கார்டு வாங்குங்க, இது எல்லாத்துக்கும் அடியில உக்காந்திருக்கு. நெஞ்சு வலியில இருக்கிற மனுஷன் கிரெடிட் கார்டைத் தாண்டி ஸ்க்ரோல் பண்ணுவாரா? சும்மாவா 'ஆப்பு'ன்னு சொல்றோம்!

நான் முன்னாடி போட்ட வாட்டர் மீட்டர் வீடியோவுக்கு அடியில கமென்ட்லயே நிறைய பேர் கேட்டிருந்தீங்க, இந்த பட்டனை அழுத்தினா போலீஸ் வருமான்னு. வராது. நல்லா கேட்டுக்கோங்க. மைகேட், நோபுரோக்கர்ஹுட், அட்டா, எந்த ஆப்பா வேணா இருக்கட்டும், அலர்ட் முதல்ல போறது கேட்ல இருக்கிற செக்யூரிட்டி போனுக்கு. கூடவே நீங்க சேர்த்து வச்ச வீட்டு ஆளுங்களுக்குப் போகும், செட்டிங்கைப் பொறுத்து கமிட்டிக்கும் போகும். 108-க்கோ 112-க்கோ தானா போயிடும்னு நம்பி உக்காந்துடாதீங்க. அதனால மெடிக்கல்னா முதல் கால் 108, அப்புறம்தான் ஆப். தீன்னா 101, இல்லைன்னா 112. கேஸ் வாசனை வந்தா லைட் சுவிட்ச்சைத் தொடாதீங்க, ரெகுலேட்டரை மூடுங்க, ஜன்னலைத் திறங்க, வெளிய வந்து நின்னுட்டு 1906-க்கு, அதான் கேஸ் கசிவு ஹெல்ப்லைனுக்கு, அடிங்க.

அப்போ ஆப் எதுக்கு? கேட்டைத் திறக்க, லிஃப்டைப் பிடிச்சு வைக்க. ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்ட நின்னு ஃப்ளாட் நம்பர் என்ன, பேர் என்ன, ஓடிபி வந்துச்சான்னு கேட்காம பூம் பேரியரை, அதான் கேட்ல குறுக்க இருக்கிற தடுப்புக் கம்பியை, தூக்கணும். ஒருத்தர் வீல்சேரோட டவர் வாசல்ல நிக்கணும். இன்னொருத்தர் சர்வீஸ் லிஃப்டைக் கீழ நிறுத்தி வைக்கணும், ஏன்னா சின்ன லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்குல நுழையாது. இவ்ளோதான் வேலை. ஆனா இது நடந்தா அஞ்சு பத்து நிமிஷம் மிச்சம்.

இப்ப என் ஃபேவரிட் டாபிக், கேட் போன். உங்க பட்டன் எவ்ளோ அழகா இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்கிறது ஒரு பழைய ஆண்ட்ராய்டு. நைட்டு 2 மணிக்கு அதோட ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கும். கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா ஆண்ட்ராய்டு அதைத் தூங்க விட்டுடும், சில போன்கள் இன்னும் மோசம், பின்னாடி ஓடுற ஆப்பையே மொத்தமா மூடிடும். அலர்ட் வரும், ஆனா விடிஞ்சு யாராவது போனைத் திறக்கும்போது வரும்.

சரி பண்றது சுலபம். போனோட செட்டிங்ஸ், ஆப்ஸ், அதுல செக்யூரிட்டி ஆப், பேட்டரி, 'அன்ரெஸ்ட்ரிக்டட்'. ஆட்டோஸ்டார்ட்னு தனியா இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க. அப்புறம் நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ள போனா வகை வகையா வரிசையா இருக்கும். அதுல எமர்ஜென்சி வகை சைலன்ட்ல இருக்கான்னு பாருங்க, 'டு நாட் டிஸ்டர்ப்'பை மீறி வர்ற மாதிரி வைங்க. தனித்தனியா சில வாலியூம் கோடு இருக்கும், மீடியாவை மட்டும் ஏத்திட்டு ரிங்கை மறந்துடுறாங்க. நம்ம கேட்ல இத்தனை நாளா 'டிங்'னு கொசு மாதிரி கேட்டுது. இப்ப கிளப் ஹவுஸ் வரைக்கும் அலறுது. ஆஹா, என்ன ஒரு சுகம்!

அடுத்தது டேட்டா. கேட் சிம்ல தினமும் ஒன்றரை ஜிபி பிளான். விசிட்டர் போட்டோ அப்லோடு, நடுவுல கொஞ்சம் வீடியோ, சாயங்காலத்துக்குள்ள காலி. அதுக்கப்புறம் 64 கேபிபிஎஸ்ல தவழும். வைஃபைன்னா கரண்ட் போனா ரவுட்டரும் போகும். ஜெனரேட்டர் வரைக்கும் தாங்குற மாதிரி குட்டி யுபிஎஸ் ஒன்னு வேணும்.

சார்ஜர்! ஐயோ அந்த சார்ஜர்! கேட் போனோட சார்ஜர் வயர் கழுத்துகிட்ட பிஞ்சு, ஒரு கோணத்துல வளைச்சுப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறும். புதுசு 400 ரூபா, சுவத்துல மாட்டுற ஸ்டாண்டு 150. மொத்தம் 550. பூம் பேரியருக்கு யோசிக்காம செக் கிழிச்ச கமிட்டி, இதுக்கு மூணு கொட்டேஷன் கேக்குது. சார்ஜருக்கு கொட்டேஷன்! ஒரு வீட்டுக்கு எவ்ளோன்னு கணக்குப் போடுங்க, 200 ஃப்ளாட், தலைக்கு ரெண்டே முக்கால் ரூபா. டீக்கடையில பிஸ்கட் கூட வராது. சரி விடுங்க, பிபி ஏறுது.

ஆ, முக்கியமானதை விட்டுட்டேன், மேல சொல்லியிருக்கணும். அலர்ட்ல பெரும்பாலும் போறது நீங்க இருக்கிற இடம் இல்ல, உங்க ஃப்ளாட் நம்பர். பேஸ்மென்ட் பார்க்கிங்ல விழுந்து கிடந்து அழுத்தினா, செக்யூரிட்டி 9-வது மாடிக்கு ஏறி காலிங் பெல் அடிச்சுட்டு நிப்பார். அதனால அழுத்தின கையோட கேட்டுக்கு கால் பண்ணி 'பி2, தூண் 14 பக்கத்துல'ன்னு சொல்லுங்க. ரெண்டு ஃப்ளாட் வச்சிருக்கிறவங்க, ஆப்ல எந்த ஃப்ளாட் தேர்வாகி இருக்குன்னு இப்பவே பாருங்க.

லிஃப்ட் கதை வேற. அது இரும்புப் பெட்டி, உள்ள சிக்னல் ஒழுங்கா கிடைக்காது. ஆப்பை மறந்துடுங்க, மணி படம் போட்ட பட்டனை அழுத்துங்க, இன்டர்காம்ல பேசுங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுச்சுன்னா கதவை நெம்பி ஆளை இழுக்கவே கூடாது. லிஃப்டுக்கு அடியில இடைவெளி இருக்கும், குதிக்கும்போது கால் உள்ள வழுக்கினா நேரா குழிதான். டெக்னீஷியன் வந்து மாடிக்கு நேரா கொண்டு வரட்டும். இதை செக்யூரிட்டிக்கும் சொல்லி வைங்க, அவங்க பாவம் நல்ல எண்ணத்துலதான் இழுப்பாங்க.

மொழியையும் பாருங்க. ஒடிசா, பீகார், அசாம்லேருந்து வந்த தம்பிங்கதான் நிறைய கேட்ல நைட் ஷிஃப்ட் பாக்குறாங்க. ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல மட்டும் வந்தா எப்படி? செக்யூரிட்டி ஆப்ல மொழி மாத்துற வசதி இருந்தா ஹிந்திக்கு மாத்திக் குடுங்க.

இதெல்லாம் பண்ணியாச்சுன்னா டெஸ்ட். செக்ரட்டரிக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் சொல்லிட்டு மூணு நேரத்துல அழுத்துங்க: மதியம் 3, ராத்திரி 2, காலைல 8. அந்த 8 மணிதான் வில்லன். ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தர் லாக் அவுட் பண்ணியிருப்பார், அடுத்தவர் லாகின் பண்ணியிருக்க மாட்டார், போன் மேஜை டிராயர்ல இருக்கும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கணக்கு எழுதுங்க: அழுத்தினதுலேருந்து அங்க 'பாத்துட்டேன்'னு தட்டுற வரைக்கும் எத்தனை செகண்ட், வாசலுக்கு ஆள் வர எத்தனை நிமிஷம். கேட்ல ஒரே ஆள்னா அவர் ரவுண்ட்ஸ் போனதும் போன் தனியா கத்தும், அதனால சூப்பர்வைசர் போன்லயும் அதே லாகின் வேணும்.

வீட்ல பெரியவங்க போன்ல ஒரு விஷயம். மாசக்கணக்கா ஆப்பைத் திறக்கலைன்னா ஆண்ட்ராய்டே பர்மிஷனை எடுத்துடும். ஆப் செட்டிங்ஸ்ல 'Pause app activity if unused'னு இல்ல அது மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணிடுங்க.

சரி, அவ்ளோதான்... இருங்க இருங்க. இன்டர்காம்! ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா பாட்டிக்கு, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு அதுதான் வழி. கேட்டோட இன்டர்காம் நம்பரை மார்க்கர்ல பெருசா எழுதி ரிசீவருக்கு மேல ஒட்டுங்க. கண்ணாடி போடாமலே தெரியணும், அந்த சைஸ்ல.