கணக்காளர்களுக்கு ஒரு மணி நேர வெபினார்: தேதி குறிப்பதிலிருந்து அடுத்த மாதம் 14 வரை

(திரையில்: எக்செல் தாள். 12 பில் வரிசைகள். ஒன்பது பச்சை, மூன்று வெள்ளை.)

வணக்கம். இந்தத் தாளில் 12 பில் இருக்கிறது. ஒன்பது பில், ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் 2பி-யோடு, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் மாதப் பட்டியலோடு ஒத்துப்போகிறது. மூன்று ஒத்துப்போகவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் நடத்தும் ஒரு மணி நேரப் பயிற்சி வெபினாரில் இருப்பது இவ்வளவுதான். “ஒரு மணி நேரத்துக்கு இது போதுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. சில நாள் நேரமே பற்றாமல் போகிறது.

சிறு நிறுவனங்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் இதே விஷயத்தை ஒன்றரை மணி நேரம், அறுபது ஸ்லைடு வைத்து நடத்தினேன். சட்டப் பிரிவு, விதி, விலக்கு என்று எல்லாம் இருந்தது. முடிந்ததும் சாட் முழுக்க ‘நன்றி சார்’, ‘ரொம்பப் பயனாக இருந்தது சார்’. அடுத்த வாரம், அதில் கலந்துகொண்ட ஒருவர் போன் செய்தார். “சார், 2பி-யில் வராத பில்லுக்கு இந்த மாதமே வரியை எடுத்துக்கலாமா?”

2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி, அது நம் 2பி-யில் வந்தால்தான் அந்த வரியை நாம் வரவு எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். இதைத்தான் இருபது நிமிடம் பேசியிருந்தேன். அவர் மேல் தப்பே இல்லை. நான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பில்லைக்கூட அவர் தன் கையால் தேடிப் பார்க்கவில்லை.

(திரையில்: ஒரே ஒரு கேள்வி. ‘நாளைக் காலை அவர் தன் மேசையில் என்ன செய்வார்?’)

அதற்குப் பிறகு, வெபினார் என்றதும் ஸ்லைடைத் திறப்பதை விட்டுவிட்டேன். முதலில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுகிறேன். அந்த வரியில் ‘தெரிந்துகொள்வார்’, ‘புரிந்துகொள்வார்’ என்று வந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன். ஒப்பிடுவார், பிரிப்பார், சப்ளையருக்கு போன் போடுவார் என்று கை வேலையாக வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால் அந்தத் தலைப்புக்கு வெபினார் தேவையில்லை. ஒரு பக்கக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

சரி, தேதி. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கணக்கு அலுவலகத்தின் மாதத்தைப் பாருங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போது பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11 ஜிஎஸ்டிஆர்-1, விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன். 15 பிஎஃப், இஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டிஆர்-3பி, வரவைக் கழித்து வரியைக் கட்டும் ரிட்டர்ன். நடுவில் 17-ஆம் தேதி வெபினார் வைத்தால், வருபவர் ஒரு ஜன்னலில் உங்களையும் இன்னொரு ஜன்னலில் போர்ட்டலையும் திறந்து வைத்திருப்பார். அவர் கண் போர்ட்டலில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். 21-க்குப் பிறகு, சம்பள வேலை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தச் சில நாள்தான் நமக்கு. ஜூலை, அக்டோபர், ஜனவரி, மே மாதக் கடைசியில் டிடிஎஸ் ரிட்டர்ன் வருவதால் அந்த மாதங்களில் அதுவும் சுருங்கிவிடும். நீங்கள் நர்ஸுகளுக்கோ ஆசிரியர்களுக்கோ பயிற்சி நடத்துபவராக இருந்தால், அவர்களுடைய ஷிப்ட்டையும் தேர்வுக் காலத்தையும் இதேபோல முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

(திரையில்: அந்த மூன்று வெள்ளை வரிசைகள் பெரிதாக.)

இப்போது இந்த மூன்று பில். இவற்றைப் பொறுக்கியெடுக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. முதல் பில்லைக் கொடுத்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். நடுவில் உள்ள மாதங்களில் பில்லை போர்ட்டலில் ஏற்றவில்லை. காலாண்டின் கடைசி மாத 2பி-யில்தான் வரும், காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் போர்ட்டலில் பில் எண் 045, நம் தாளில் 45. எக்செலில் 045 என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். இரண்டும் ஒரே பில்தான், டிக் போட்டுவிட்டுப் போகலாம். மூன்றாவதை சப்ளையர் வேறு ஒருவருடைய ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிவிட்டார். அவரைக் கூப்பிட்டு, அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தச் சொல்ல வேண்டும்.

தாளில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை. செய்ய வேண்டிய வேலையோ மூன்று விதம். இந்த வித்தியாசம் ஸ்லைடில் எழுதிக் காட்டினால் மனதில் தங்காது. தேடித் திணறியவருக்குத் தங்கும்.

வருபவர்களில் நிறையப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். போன் திரையில் எக்செல் கட்டம் எறும்பு மாதிரி தெரியும். அதனால் ஐந்து நெடுவரிசைக்கு மேல் வைப்பதில்லை, எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிடுவேன். ஒத்திகையில் ஒருமுறை என் போனிலேயே பார்த்துக்கொள்வேன். அந்த 12 பில்லையும் ஒரு ஏ4 பக்கத்தில் பிடிஎஃப் ஆக்கி முந்தின நாளே அனுப்பிவிடுவேன். ‘பிரிண்ட் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்து. பேனா கையில் இருப்பவர் பாதியில் எழுந்து போவது குறைவு என்பது நான் கண்டது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும், பயிற்சிக்கு அது உதவாது. யூடியூப் லைவில் நீங்கள் கேட்பது அவர்களுக்குச் சில வினாடி தள்ளித்தான் போய்ச் சேரும். உரைக்குப் பரவாயில்லை, கேள்வி பதிலுக்குச் சரிவராது. ஐம்பது பேருக்குள் என்றால் வெபினார் வசதியை விடச் சாதாரண மீட்டிங்கே மேல், யாரையும் உடனே பேச வைக்கலாம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும், ஆனால் ரூட்டர் அணைந்துவிடும். அதை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கட்டும்.

கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். ‘லிங்க் வேலை செய்யவில்லை’, ‘சத்தம் கேட்கவில்லை’ என்று வரும் செய்திகளை அவர் பார்த்துக்கொள்வார். கோ-ஹோஸ்ட் உரிமையும் அவரிடம் இருந்தால், உங்கள் இணைப்பு போனாலும் கூட்டம் கலையாது.

(திரையில்: சாட் பெட்டி. காலியாக.)

இனி அந்த ஒரு மணி நேரம். “எல்லாருக்கும் புரிந்ததா?” என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் ‘புரிந்தது சார்’ என்றுதான் வரும். புரியாதவரும் அதையேதான் அடிப்பார், முப்பது பேர் நடுவில் வேறு என்ன செய்வார் பாவம்? அதற்குப் பதிலாக இப்படிக் கேட்பேன்: “இந்த 12 பில்லில், எத்தனை பில்லுக்கு இந்த மாதம் வரவு எடுக்க முடியாது? எண்ணை மட்டும் டைப் செய்து வையுங்கள். நான் சொல்லும் வரை என்டர் தட்டாதீர்கள்.”

எட்டு நிமிடம் கொடுப்பேன். மைக்கை மியூட் செய்துவிடுவேன். புதிதாக நடத்துபவர்களுக்கு இந்த அமைதி பயமாக இருக்கும், ஏதாவது பேசி நிரப்பத் தோன்றும். பேசாதீர்கள், அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் முடிந்ததும், “இப்போது என்டர்.”

(திரையில்: 3, 3, 2, 3, 4, 3, 2, 3 என எண்கள் மளமளவென்று.)

எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. சரியான விடை 2. மூன்று என்றவர்கள் 045-ஐத் தவறவிட்டவர்கள். நாலு என்றவர் வேறு எங்கோ சறுக்கியிருக்கிறார். நான் விடையைச் சொல்ல மாட்டேன். ‘2’ போட்டவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, “எப்படிம்மா பார்த்தீங்க?” என்று கேட்பேன். ஒருமுறை ஈரோட்டிலிருந்து ஒரு பெண் சொன்னார்: “பில் எண்ணை நான் பார்க்கவே இல்லை சார். தேதியும் தொகையும் ஒன்றாக இருந்தது, அதான்.” அன்றைக்கு நான் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த வழியை விட அது நல்ல வழி. இப்போது எல்லா வெபினாரிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்காக வாடிக்கையாளரின் உண்மையான கணக்கைத் திரையில் திறக்கவே கூடாது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. தமிழ்நாடு என்றால் முதல் இரண்டு 33. அதற்கு அடுத்த பத்தும் அப்படியே அவருடைய பான் எண். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், முப்பது பேர் கைக்குப் போய்விடும். கற்பனைப் பெயர், கற்பனை எண் வைத்துத் தாளைத் தயாரியுங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போது மூலையில் யாருடைய ஓடிபியோ எட்டிப் பார்க்கக் கூடாது. பதிவு செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். போர்ட்டலை நேரலையில் திறந்து காட்டுவதையும் நான் விட்டுவிட்டேன். அந்த மூன்று நிமிட வேலையை முன்பே பதிவு செய்து ஓட்டிக் காட்டுகிறேன். கேப்ட்சாவுக்கும் லாகினுக்கும் கூட்டத்தைக் காக்க வைக்க மனம் வரவில்லை.

(திரையில்: காலண்டர். 14 வட்டமிடப்பட்டிருக்கிறது.)

வெபினார் முடிந்த அன்றே கருத்துப் படிவம் அனுப்பினால் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள். அதை வைத்து ஒன்றும் தெரியாது. நான் அடுத்த மாதம் 14 வரை காத்திருப்பேன். அன்றுதான் புதிய 2பி வரும். காலையில் குழுவுக்கு ஒரே ஒரு செய்தி: ‘2பி வந்துவிட்டது. உங்கள் கொள்முதலோடு ஒப்பிட்டு, எத்தனை பில் சேரவில்லை, எத்தனை பேருக்கு போன் செய்தீர்கள் என்று எண் மட்டும் அனுப்புங்கள்.’

எண் அனுப்புபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்கு மதிப்பெண். சிலர் எண்ணோடு கேள்வியும் அனுப்புவார்கள். போன முறை ஒருவர், பில் வந்திருக்கிறது, ஆனால் மாநிலத்துக்குள் விற்றால் வரும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில், வேறு மாநிலத்துக்கு விற்றால் வரும் ஐஜிஎஸ்டி காட்டுகிறது என்று அனுப்பினார். என் 12 பில்லில் அப்படி ஒன்று இல்லை. அடுத்த வெபினாருக்கு 13 பில்.