300 எழுதினா 44: கேர்னலுக்குள்ள எழுத்தை எண்ணாக்கிறது

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச்சுபேப் பக்கமா இருந்து கதைக்கிறன். கச்சான் காத்து மைக்கில அடிக்குது, ஏலுமெண்டா ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ.

கோணேசபுரி கம்பஸ் பிள்ளையள் சிலர் லினக்ஸின்ட நடுப்பகுதியான கேர்னலுக்கு டிரைவர், அதாவது ஒரு வன்பொருளை இயக்கிற கோட், எழுதத் தொடங்கியிருக்கினம், எனக்குப் பெரிய சந்தோசம். அந்தக் கோட்டில, ஆக்கள் எழுத்தாத் தாற எண்ணை வாங்க சிம்பிள்-எஸ்டிஆர்-டு-யூஎல் எண்ட பழைய ஃபங்ஷனைப் போட்டிருக்கினம். தயவுசெய்து அதைக் கைவிடுங்கோ.

ஏனெண்டு பாருங்கோ. லினக்ஸில ஃபேன் வேகத்தை 0இல இருந்து 255 வரைக்கும் ஒரு எண்ணாத்தான் குடுக்கிறது. நம்மட வெயிலுக்கு மெஷின் கொதிக்குதெண்டு ஒருத்தர் எக்கோ கட்டளையால 300 எண்டு எழுதுறார். டிரைவர் அதை 255க்கு மேல கொள்ளாத 8 பிட் இடத்தில போடுது. 256 கழிஞ்சு மிச்சம் 44. கூட்டச் சொன்னா ஃபேன் குறையுது! எரர் ஒண்டும் வராது. ஏபிசி எண்டு தட்டினா இன்னும் மோசம், சைபர் வரும். அது கேட்டு வந்த சைபரா, குப்பையில வந்த சைபரா? திரும்பி வந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே ஏலாது. எனக்குப் பயம் அதிலதான்.

2011இல, 2.6.39 கேர்னலோட கே-எஸ்டிஆர்-டு எண்டு தொடங்கிற புது ஃபங்ஷன் குடும்பம் வந்தது. இதில விடை வேற, எண் வேற. சரியெண்டா 0 திரும்பும், எண் நீங்க குடுத்த மாறிக்குள்ள போகும். 8 பிட் எண்ணுக்கான கே-எஸ்டிஆர்-டு-யூ8க்கு 300 குடுத்தா மைனஸ் இ-ரேஞ்ச், அதாவது எல்லை தாண்டிட்டுதெண்ட எரர். ஏபிசி, 12ஏபி, முன்னால இடைவெளி விட்ட 12, எல்லாத்துக்கும் மைனஸ் இ-இன்வால், அதாவது செல்லாத எண் எண்ட எரர். பிழைச்சா உங்கட பழைய பெறுமதியில கை வைக்காது. எக்கோ கடைசியில ஒட்டுற ஒரு நியூலைனை மட்டும் பொறுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததைப் பார்க்காம விட்டா கம்பைலரே எச்சரிக்கும்.

ஆனா பெயரை மட்டும் மாத்திப்போட்டு இருக்காதைங்கோ. பெரிய எண்ணையும் ஏற்கிற கே-எஸ்டிஆர்-டு-இன்ட்டால வாங்கி பிறகு யூ8க்குள்ள போட்டா, 300 வடிவா உள்ள வரும், திரும்பவும் அதே 44தான். எண் போய்ச் சேருற இடத்தின்ட அளவுக்கே ஃபங்ஷனை எடுங்கோ, இல்லாட்டி 255ஐத் தாண்டுதா எண்டு நீங்களே பாருங்கோ.

எந்த எண் முறை எண்டு சொல்லுற பேஸ் இடத்தில 10 எண்டு எழுதுங்கோ. பேஸுக்கு 0 குடுத்தா முன்னால சைபர் உள்ள 010ஐ ஆக்டலா, அதாவது எட்டை அடியாக் கொண்ட எண்ணா, எடுத்து 8 ஆக்கிடும்.

கேர்னல் அமைப்புகளை ஃபைலாக் காட்டுற சிஸ்எஃப்எஸ்ஸின்ட ஸ்டோர் ஃபங்ஷனுக்கு வாற பஃபர், எழுத்து முடிஞ்சதெண்டு காட்டுற நல் பைட்டோட முடியும், பயமில்ல. யூசர் ஸ்பேஸ், அதாவது ஆக்களின்ட புரோகிராம் ஓடுற இடத்தின்ட, பொயின்டர் நேரா வந்தா அப்பிடி இல்ல, அதுக்கு ஃப்ரம்-யூசர் எண்டு முடியிற ஃபங்ஷன்கள் இருக்கு.

1024எக்ஸ்768 மாதிரி எண்ணுக்குப் பின்னால வேற எழுத்து வாற இடத்தில மட்டும் பழைய சிம்பிள் ஃபங்ஷன் இன்னும் தேவைப்படும். அங்க எண் எந்த எழுத்தில முடிஞ்சதெண்டு காட்டுற என்ட்-பொயின்டரைப் பாருங்கோ, எல்லையையும் நீங்களே சோதியுங்கோ.